மஞ்சள் ஒயரில் தங்கிய ஊர்

ஸ்டீரியோவை மாற்றுகிற வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் என்றுதான் கலியமூர்த்தி நினைத்தார். வேனுக்குள் கட்டிலைப் பொருத்தியவர் அவர், அடுப்புக்கு மேடை அறுத்துப் போட்டவர் அவர், கூரையில் துளையிட்டுக் காற்றுக்கு வழி செய்தவரும் அதே துளை வழியாக மழை வந்தபோது தாரும் சாக்கும் வைத்து அடைத்தவரும் அவரே. சர்க்கரை ஆலையின் ஸ்டோரில் காலமெல்லாம் அடுத்தவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்த கைகள், ஓய்வுபெற்ற பிறகு தங்களுக்கென்று ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் சும்மா இருக்க மறுத்தன. அவருடைய மனைவி அஞ்சுகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு நடுவில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு வட்டியும் முதலுமாக வீட்டில் பேசித் தீர்ப்பவள். பிள்ளைகள் இல்லாத அந்த இருவரும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் ஒலிபெருக்கி கட்டி ஓடி ஓய்ந்த ஒரு பழைய வேனை வாங்கி, அதையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப் போகிற வழியில் டேஷ்போர்டில் இருந்த கேசட் பெட்டி கடைசி நாடாவையும் மென்று விழுங்கிவிட்டது. முந்திரிமேடு என்கிற ஊரின் ஓரத்தில், முந்திரித் தோப்பு முடிந்து செம்மண் சாலை தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, டவுனில் வாங்கிவந்த புது ஸ்டீரியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் கலியமூர்த்தி.

பழைய பெட்டியை இழுத்தபோது அதன் பின்னாலிருந்து, யார் யாரோ எப்போதெப்போதோ வெட்டி ஒட்டி முறுக்கிவிட்ட ஒயர்கள் எலிக்கூடு மாதிரி வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் சின்ன பல்பு ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்த்தார். கறுப்பு எர்த்துக்கு. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறுவது. மஞ்சள், வண்டி தூங்கும்போதும் தூங்காமல் பேட்டரியிலிருந்து நேராக வந்து ஸ்டீரியோவின் ஞாபகத்தைக் காப்பது. மிச்சமெல்லாம் ஜோடி ஜோடியாக ஸ்பீக்கர்களுக்கு. அததை அததோடு முறுக்கி, டேப் சுற்றி, குழிக்குள் தள்ளி, பெட்டியைப் பொருத்தினார். ஒன்றுகூட மாறவில்லை. பிற்பாடு வந்து பார்த்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள், ஒன்றுகூட மாறவில்லை என்று.

சாவியைப் பாதி திருப்பினார். நீல வெளிச்சம் வந்தது. வெளியே அரிசி களைந்துகொண்டிருந்த அஞ்சுகம் தலையை நிமிர்த்தி ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். "என்னங்க, ஆச்சா?" என்ற அவளுடைய குரல், கதவுகளில் இருந்த இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் கட்டிலுக்கு மேலே இருந்த இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் துளி இரைச்சல் இல்லாமல் வந்தது.

"ஆச்சு. சத்தம் எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு" என்றார் கலியமூர்த்தி. சொன்ன பிறகுதான் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். அவள் ஈரக் கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன.

"என்னங்க, என் கொரலு எங்க?" என்றது அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டீரியோ.

பயந்த கை யோசிக்காது. பெட்டியை வெளியே இழுத்து, விரலில் முதலில் பட்ட ஒயரைப் பிடுங்கினார். அது மஞ்சள். நீல வெளிச்சம் அணைந்தது, வெளியே அஞ்சுகத்தின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, வண்டிக்குள்ளும் இல்லை வெளியிலும் இல்லை, அவள் பேச்சு உலகத்தில் எங்குமே இல்லை. கண் இமைக்கிற நேரத்தில் ஒயரைத் திரும்ப முறுக்கினார். வெளிச்சம் வந்தது, பெட்டியின் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது, "என்ன செஞ்சீங்க நீங்க?" என்று அவள் குரலும் வந்தது. வந்துவிட்டதே என்ற ஆறுதலில் அவர் அழ, அவர் அழுவதைப் பார்த்து அவள் சிரித்தாள். தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஒயர் விட்டுப்போயிருந்த அந்த ஒரு இமைப்பில் அவள் சிரிப்பு போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்த மஞ்சள் ஒயரின் பக்கம் மூச்சுக்காற்றுகூடப் படாமல் பார்த்துக்கொண்டார்.

ஊர்த் தலைவர் பலராமன் வண்டியைப் பார்த்துவிட்டு மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். "யாரு சார் நீங்க?" என்று கேட்டது அவர் வாய். "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டது டேஷ்போர்டு. கலியமூர்த்தி கைகளை ஆட்டிக்கொண்டு வெளியே ஓடி, யாரும் பக்கத்தில் வராதீங்க, வந்தாலும் பேசாதீங்க என்று கத்தினார். ஆனால் பேசாதே என்று ஒருவர் கத்தினால், ஏன் என்று கேட்காத ஊர் எங்கே இருக்கிறது? டீக்கடையிலிருந்து வந்தவர்கள் ஏன் என்று கேட்டார்கள், முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையிலிருந்து எண்ணெய்ப்பால் பட்டுக் கறுத்த விரல்களோடு ஓடிவந்த பெண்கள் ஐயையோ என்றார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் கூச்சலிட்டார்கள். கேட்ட வாயெல்லாம், ஐயையோ என்ற வாயெல்லாம், கூச்சலிட்ட வாயெல்லாம் அப்படியே சத்தமில்லாமல் போக, பொழுது சாய்வதற்குள் ஊரின் பாதிக் குரல் வண்டிக்குள் வந்துவிட்டது. கலியமூர்த்தியின் குரல் மட்டும் அவரிடமே இருந்தது. பெட்டியைப் பொருத்திய கைக்காரரை அது ஒன்றும் செய்யவில்லை போலும் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நினைத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தது.

மறுநாள் விடிந்ததும் அஞ்சுகத்தை ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். தோப்பைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. தாண்டியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "வண்டி போவுதுடி" என்றது. "யாராச்சும் மறிங்க!" என்றது ஒரு ஆண்குரல். பிறகு எல்லாக் குரல்களும் ஒன்றாக எழுந்தன. எங்கேயோ பின்னால் ஒரு ஊரே வாயைத் திறந்துகொண்டு செம்மண் சாலையில் ஓடிவருகிறது, ஓடிவருகிற கால்சத்தம் அங்கே, கதறல் இங்கே, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்: "சார்! நிறுத்துங்க சார்! என் கொரல எடுத்துகிட்டுப் போறீங்களே!" "அம்மா, என்னால பேச முடியலம்மா!" ஒலியைக் குறைக்கிற திருகில் கை வைத்தார் கலியமூர்த்தி. அவர் மணிக்கட்டைப் பிடித்த அஞ்சுகம், "குறைச்சா நமக்குத்தான் கேக்காது, அவங்க கதறுறது நிக்காது. திருப்புங்க" என்றாள், அந்தக் கதறல்களுக்கு நடுவில், அதே ஸ்பீக்கரிலிருந்து.

திருப்பினார். வளைவில் சாலையை அடைத்துக்கொண்டு ஊர் நின்றது. யாரும் கல்லெடுக்கவில்லை, யாரும் கையோங்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். பலராமன் ஜாக்கியோடு நான்கு பேரைக் கூட்டிவந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். அவர் உதடுகள் வெளியே அசைய, பேச்சு கலியமூர்த்திக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டோம். சோறு வரும், தண்ணி வரும், ஒடம்புக்கு முடியலன்னா டாக்டர இங்கயே கூட்டியாருவோம். ஆனா நீங்க எங்கயும் போவக்கூடாது."

"எத்தனை நாளைக்குங்க?" என்றார் கலியமூர்த்தி.

நான்கு சக்கரங்களையும் கழற்றி, வண்டியைச் செங்கல்மேல் உட்காரவைத்து, சக்கரங்களை உருட்டிக்கொண்டு போனார்கள்.

அதிசயம் எதுவானாலும் ஊருக்கு அது அடுத்த வாரம் பழகிவிடும். முந்திரிமேட்டில் மிச்சமிருந்த குரல்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பிறகு, சந்தை வண்டிக்குப் பக்கத்தில் கூடத் தொடங்கியது, ஏனென்றால் பேரம் பேசுகிறவர்கள் இருவரும் தங்கள் குரல் கேட்கிற இடத்தில் நின்றாக வேண்டும். வாத்தியார் பள்ளிக்கூடத்தைத் தோப்பு நிழலுக்குக் கொண்டுவந்தார், பிள்ளைகள் வாயசைக்க வாய்ப்பாடு ஸ்பீக்கரில் ஒலித்தது. புருஷன் பெண்டாட்டி சண்டைகள் எந்த வீட்டில் நடந்தாலும் தோப்பில் கேட்டதால், சண்டை போடுகிறவர்கள் உதட்டைக் கையால் மூடிக்கொண்டு போட்டார்கள். மனசுக்குள் முணுமுணுக்கிற பழக்கம் உள்ளவர்கள் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு திரிந்தார்கள். பேருந்து அந்த நிறுத்தத்தை நெருங்கும்போது நடத்துநர் விரலை உதட்டில் வைப்பார், இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். டவுனிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் வாயைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு வந்து, பெட்டியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கூலியை மறந்து ஓட்டமாகப் போனார்.

எல்லாம் பழகிற்று, பயம் மட்டும் பழகவில்லை. அஞ்சுகத்தின் சிரிப்பு போன கதை ஊருக்குத் தெரியும். அதனால் பேட்டரிதான் அந்த ஊருக்குச் சாமியாயிற்று. டீக்கடையிலிருந்து கரண்ட் இழுத்துச் சார்ஜர் வைத்தார்கள். டிராக்டர் பேட்டரிகளைக் கழற்றிவந்து வண்டிக்குள் பலகைமேல் அடுக்கி ஒன்றோடொன்று கோத்தார்கள். முறைவைத்துக் காவல் இருந்தார்கள். காவலுக்கு வந்தவர்களின் கண் பேட்டரியில் பாதி, கலியமூர்த்தியின் கையில் பாதி. அவர் சோம்பல் முறித்தால் எழுந்து நின்றார்கள், குறடை எடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாவி பாதி திரும்பியபடியே துவாரத்தில் இருந்தது, அதைத் தொட யாருக்கும் அனுமதியில்லை. தினமும் சூடாக மூன்று வேளைச் சோறு வந்தது. அன்பாகத்தான் வந்தது.

டீக்கடைக்குப் பின்வீட்டில் கொளஞ்சி என்று ஒரு பெண் இருந்தாள். புருஷன் கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தான். மாதம் ஆகவில்லை என்று இருந்தவளுக்கு ஒருநாள் காலையில் திடீரென்று வலி கண்டு, ஆட்டோ வருவதற்குள் வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. வாயைத் திறந்தது, முகம் சிவந்தது, முஷ்டி இறுகியது, சத்தமில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினார்கள். அப்போது தோப்பில், சந்தைக்காரர்களின் பேச்சுக்கு நடுவில், எல்லோருடைய பேச்சையும் பிளந்துகொண்டு ஒரு பச்சைக் குழந்தையின் முதல் அழுகை ஸ்பீக்கரில் வந்தது. கறிகாய் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசைக் கீழே வைத்தார்கள். மற்றவர்களுடைய குரல்களெல்லாம் தொண்டையிலிருந்து போனவை. இது சொந்தத் தொண்டையில் ஒருதரம்கூட இருந்திராத குரல்.

கொளஞ்சி வேனுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிக் குடிவந்துவிட்டாள். பிள்ளை பசித்து அழுவது பிள்ளையிடமிருந்து கேட்காது, வண்டியிலிருந்துதான் கேட்கும். வண்டியை விட்டுத் தள்ளிப்போனால் பிள்ளையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அஞ்சுகமும் அவளும் வாசலில் உட்கார்ந்து வாயசைத்துப் பேசிக்கொள்வார்கள், பேச்சு உள்ளேயிருந்து வரும்.

"அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும்தான் பயம். எல்லாரு கொரலும் ஒருநாள் திரும்புதுன்னே வெச்சிக்கோ. நமக்கெல்லாம் எங்க திரும்பணும்னு அதுக்குத் தெரியும். என் பொண்ணோடது எங்கன்னு வரும்?"

"வரும்டி" என்றாள் அஞ்சுகம்.

"எப்பிடிக்கா? அதுக்கு வழியே தெரியாதே."

அஞ்சுகம் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. கடலில் புயல் திரண்டிருக்கிறது என்று ரேடியோக்களும் போன்களும் சொல்லிக்கொண்டே இருந்தன. பலராமன் ஊரைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் போகச் சொன்னார். புயல் ஒரு முற்பகலில் வந்தது. வந்த கையோடு கரண்ட் போயிற்று. முந்திரி மரங்கள் வேரோடு சாய்கிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோப்புக்குள்ளிருந்து நெருங்கி நெருங்கி வந்தது. சாலையில் சிவப்புத் தண்ணீர் ஏறியது. காவலுக்கு இருந்தவர்கள் வண்டி கவிழாமல் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஓடினார்கள். இருக்கிற பேட்டரிகள் தாங்காது என்று, தன் வீட்டில் மிச்சமிருந்த ஒன்றைத் தூக்கிவரப் பலராமன் தண்ணீரில் இறங்கிப் போனார்.

வண்டிக்குள் கலியமூர்த்தியும் அஞ்சுகமும் மட்டும் இருந்தார்கள். முன்கண்ணாடியின் இற்றுப்போன ரப்பர் வழியாகத் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் வடிந்தது, கூரையில் அடைத்த தாரும் சாக்கும் பிய்ந்து கட்டில்மேல் கொட்டியது. அடுக்கியிருந்த பேட்டரிகளில் ஒன்று பொரிந்து அணைந்தது. நீல வெளிச்சம் துடித்தது. அப்போதுதான் குரல்கள் மாறத் தொடங்கின. பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்த ஊரின் பிரார்த்தனைகளும் பிதற்றல்களும் ஸ்பீக்கரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கிழவன் குரலில் ஒரு சிறுமி அம்மாவைக் கூப்பிட்டாள், வாத்தியார் குரல் பாதி வார்த்தையில் தேய்ந்து போயிற்று.

கதவைப் பிளந்துகொண்டு கொளஞ்சி உள்ளே வந்தாள். நனைந்த சேலைக்குள்ளிருந்து பிள்ளையை எடுத்து டேஷ்போர்டுக்கு முன்னால் நீட்டினாள். குழந்தை வாயைத் திறந்து முழு உயிரையும் சேர்த்து அழுதுகொண்டிருந்தது. முகம் நீலம் பாய்ந்திருந்தது. ஸ்பீக்கரில் எத்தனையோ குரல்கள், அந்த அழுகை மட்டும் இல்லை. உற்றுக் கேட்டபோது, கிணற்றின் அடியில் சொட்டுகிற மாதிரி, இருந்தது.

காவலுக்கு இருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடிய குறடை அஞ்சுகம் தேடி எடுத்தாள். கலியமூர்த்தி அவள் கையைப் பிடித்தார்.

"என்ன பண்ணப் போற?"

"ஸ்பீக்கர் ஒயரை வெட்டப் போறேன்." அவளுடைய குரல் கட்டிலுக்கு மேலிருந்து கரகரத்தது. "எக்ஸ்சேஞ்சுல ஒரு லைனுக்குப் போக வழி இல்லேன்னா அது கூப்பிட்டவங்ககிட்டயே திரும்பிடுங்க. இந்தக் கொரலுங்களுக்கு வெளிய வர நாலு வாய் வெச்சிக் குடுத்திருக்கோம், அப்புறம் எதுக்குத் திரும்பும்? வாயை அடைப்போம்."

"தப்பாப் போச்சுன்னா?"

"இப்ப மட்டும் சரியாவா இருக்கு?"

இடது கதவின் ஒயரை வெட்டினாள். வலது கதவு. கட்டிலுக்கு மேலே ஒரு பக்கம். ஒவ்வொன்றை வெட்டும்போதும் மிச்சமிருந்த ஸ்பீக்கரில் ஊர் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு வந்து நின்றது. கடைசி ஸ்பீக்கர் அவள் கைக்கு எட்டாத மூலையில் இருந்ததால் குறடை வாங்கிக்கொண்டு கலியமூர்த்தி கட்டில்மேல் ஏறினார். அதன் வலை அதிர அதிர ஒரு ஊரே அதற்குள் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது. அந்த நெரிசலுக்குள் அஞ்சுகத்தின் குரலைக் காதால் துழாவிக்கொண்டே ஒயரைப் பிடித்தார். "மெதுவா, கையைக் கிழிச்சிக்கப் போறீங்க" என்றது அது.

வெட்டினார்.

காற்றின் ஊளை மட்டும் மிஞ்சியது. நீல வெளிச்சம் இருந்தது. மூவரும் குழந்தையின் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவர்களில் யாரும் அதற்கு முன்னும் பின்னும் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. குழந்தை மூச்சை இழுத்தது, முகம் சுருங்கியது, பிறகு அந்தச் சின்ன வாயிலிருந்தே, எச்சில் நூலோடு, காதைக் கிழிக்கிற அழுகை வந்தது. கொளஞ்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்பது அவள் உடம்பிலிருந்துதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுடைய அழுகைக்குச் சத்தம் வந்தது.

பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கமிருந்து, காற்றைத் தாண்டி, ஒரு கத்தல் கேட்டது. இன்னொன்று. ஒவ்வொருவராக. யார் முதலில், யார் பிறகு என்பது கலியமூர்த்திக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கடைசியாக உள்ளே வந்த குரல் முதலில் போயிருக்கிறது, அதற்கு முன்னால் வந்தது அடுத்ததாக. அப்படியானால் முதலில் உள்ளே வந்தவள் கடைசியாகத்தான் வெளியே போக முடியும். அவர் அஞ்சுகத்தைப் பார்த்தார். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இன்னொரு பேட்டரி பொரிந்து அணைந்தது. வெளிச்சம் மங்கியது. கலியமூர்த்தி டிரைவர் சீட்டுக்குத் தாவினார். "செல்ஃப் அடிக்கிறேன். எஞ்சின் பிடிச்சிட்டா டைனமோ ஓடும், கரண்ட் வரும், எல்லாரும் வந்துடுவாங்க, நீயும் வந்துடுவ." சாவியில் கை வைத்தார்.

அவர் சொன்னதில் பாதி நிஜம். மீதியும் அவருக்குத் தெரியும். செல்ஃப் அடித்தால் அது பேட்டரியில் இருப்பதையெல்லாம் ஒரே இழுப்பில் இழுத்துக்கொள்ளும், தண்ணீர் குடித்த எஞ்சின் பிடிக்காமல் போனால் மஞ்சள் ஒயரில் ஒரு இமைப்பு நேரம் உயிர் இருக்காது, உள்ளே இன்னும் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அந்த இமைப்பில் போய்விடுவார்கள். இவள் ஒருத்திக்காக அவர்களைச் சூதாட அவர் தயாராக இருந்தார். தங்களைச் செங்கல்மேல் உட்காரவைத்த ஊர்தானே என்று நினைத்தார். அப்படி நினைக்கத் தன்னால் முடிகிறதே என்ற பயம் அப்போது அவருக்கு வரவில்லை, பின்னால் வந்தது.

அஞ்சுகம் அவர் கையைச் சாவியிலிருந்து பிரித்து எடுத்தாள். சாவியைத் துவாரத்திலேயே தன் இரண்டு உள்ளங்கைகளாலும் மூடிக்கொண்டாள். அவர் இழுத்தார், கெஞ்சினார், வாழ்க்கையில் முதல்முறையாக அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டு அந்தக் கையால் தன் தலையில் அடித்துக்கொண்டார். அவள் அசையவில்லை. தலையை மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். கொளஞ்சி குழந்தையை மார்போடு அணைத்து மூலையில் ஒடுங்கியிருந்தாள்.

வெளியே தண்ணீருக்குள் கால் துழாவுகிற சத்தம் கேட்டது. பலராமன் தோளில் டிராக்டர் பேட்டரியைச் சுமந்துகொண்டு, இடுப்பளவு சிவப்புத் தண்ணீரில், சாய்ந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தவருக்குப் பாதி வழியில் குரல் திரும்பியது.

"வந்துட்டேன்! சார், அணைய விடாதீங்க, வந்துட்டேன்!"

சொந்தத் தொண்டையிலிருந்து அத்தனை நாளுக்குப் பிறகு வந்த அந்தக் குரலைக் கேட்டு அவரே ஒரு கணம் தண்ணீரில் நின்றுவிட்டார். அவர் நின்ற அந்தக் கணத்தில்தான் நீல வெளிச்சம் ஒருதரம் பெரிதாகி அணைந்தது.

புயல் ஓய்ந்த பிறகு சக்கரங்களைப் பலராமனே உருட்டிவந்தார். ஜாக்கி வைத்து, செங்கல்லை உருவி, நட்டுகளை இறுக்கியதும் அவரே, யாரையும் தொடவிடவில்லை. புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பியபோது வெளிச்சம் வந்தது, கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடியது, வேறொன்றும் வரவில்லை. அந்த ஸ்டீரியோவைக் கழற்றக் கலியமூர்த்திக்குத் தைரியம் இல்லை. அது அங்கேயே இருந்தது. வழியனுப்ப ஊர் முழுவதும் சாலையில் நின்றது. குரல் திரும்பிய ஊர், அஞ்சுகத்தின் முன்னால் வாயைத் திறக்கக் கூசியது. கொளஞ்சியின் குழந்தை மட்டும் இடம் பொருள் தெரியாமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. அஞ்சுகம் அதன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியில் ஏறினாள்.

நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். "அம்மாவுக்கு என்ன?" என்று கடைக்காரர் கேட்டார். அஞ்சுகத்தின் உதடுகள் அசைந்தன. அவற்றைப் பார்த்துக் கலியமூர்த்தி, "சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். டீ வந்தது, குடித்தாள், தம்ளரைப் பெஞ்சில் வைத்தாள், அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். உதடுகள் மறுபடி அசைந்தன. அவள் அவருடைய வாயை விரலால் தட்டினாள், சொல்லுங்க என்று.

"உங்களை யாருங்க அந்தப் பெட்டியைத் தொடச் சொன்னது?" என்று கலியமூர்த்தி உரக்கச் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உதடுகள் நிற்கவில்லை. "எனக்கு என்ன பாட்டா வேணும்னு கேட்டேன்? பாட்டு இல்லாம நாம போய்ச் சேர மாட்டமா? எதையாவது நோண்டாம உங்க கையால ஒரு நாள் சும்மா இருக்க முடியுமா?" வார்த்தை வார்த்தையாக, ஒன்று விடாமல், தன்னைத் தானே திட்டினார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் பேச்சை அது சரியாகச் சொல்கிறதா என்று.

உதடுகள் நின்றன. இன்னும் ஒரு வாக்கியம் அவர் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்தது: போனது போகட்டும், உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? அவளால் மறுத்து ஒரு சத்தம் எழுப்ப முடியாது. அந்த நினைப்பு வந்ததும், புயலிலும் பார்த்திராத ஒரு பயம் அவரைப் பிடித்தது. வாயை இறுக மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, அவளாகச் சொல்கிறாளா என்று அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.